நெடுந்தொலைவுத் தொலைபேசி: அமெரிக்கா பிரித்த வழியும் இந்தியா திறந்த வழியும்

நெடுந்தொலைவு அழைப்பில் நிலவிய ஏகபோகத்தை அமெரிக்காவும் இந்தியாவும் வெவ்வேறு வழிகளில் உடைத்தன. அமெரிக்கா, தொலைபேசிச் சேவையைத் தன் பிடியில் வைத்திருந்த ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தையே துண்டாக்கியது, இந்தியா அரசு நிறுவனத்தை முழுதாக வைத்துக்கொண்டு தனியாருக்கு வாசலைத் திறந்துவிட்டது. வீட்டுக்குள் வரும் கடைசிக் கம்பி யார் கையில் இருந்தது என்பதைக் கொண்டே இவ்விரு வழிகளையும் எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

சிகாகோவுக்கும் செயின்ட் லூயிஸுக்கும் இடையே மைக்ரோவேவ் கோபுரங்கள் அமைக்க எம்.சி.ஐ. என்ற போட்டி நிறுவனம் 1963இல் விண்ணப்பித்து, 1969இல்தான் அனுமதி பெற்றது. கோபுரம் எழுப்பினாலும், வாடிக்கையாளரின் வீட்டை எட்ட ஏ.டி. அண்ட் டி.யின் உள்ளூர் இணைப்பகத்தைக் கடந்தாக வேண்டியிருந்தது. ஆகவே எழுபதுகளில் எம்.சி.ஐ. வழியாகப் பேச விரும்பியவர், முதலில் ஓர் உள்ளூர் எண், பிறகு தமது ரகசியக் குறியீடு, அதன் பிறகே பேச வேண்டிய பத்து இலக்க எண் என இருபதுக்கும் மேற்பட்ட இலக்கங்களை அழுத்த நேர்ந்தது. சுழற்றும் தொலைபேசி வைத்திருந்தவருக்கு அதுவும் வாய்க்கவில்லை. 1974இல் ஏ.டி. அண்ட் டி. மீது அரசு தொடுத்த வழக்கு 1982இல் உடன்பாட்டில் முடிய, 1984 ஜனவரி 1 அன்று அதன் 22 உள்ளூர் நிறுவனங்கள் ஏழு வட்டார நிறுவனங்களாகத் தொகுக்கப்பட்டுத் தனியே பிரிந்தன. அந்தப் பிரிவினையைவிட, எந்த நிறுவனத்தைத் தேர்ந்தாலும் ஒரே மாதிரி எண்ணைச் சுழற்றினால் போதும் என்ற சம அணுகல் நிபந்தனையே பெரிய வேலையைச் செய்தது. சந்தையில் பத்தில் ஒன்பது பங்கை வைத்திருந்த ஏ.டி. அண்ட் டி., பத்தே ஆண்டுகளில் ஆறு பங்குக்கும் கீழே இறங்கியது. (கூடவே நெடுந்தொலைவுக் கட்டணமும் குறைந்தது; ஆனால் அந்தக் குறைவு முழுவதையும் போட்டியின் கணக்கில் எழுதிவிட முடியாது, அதில் ஒரு பகுதி, மாதாந்தர உள்ளூர்க் கட்டணத்துக்கு இடம் மாறிய சுமைதான்.)

இந்தியாவில், இரவு 11 மணிக்கு மேல் நாலில் ஒரு பங்குக் கட்டணம் என்பதற்காக எஸ்.டி.டி. (வெளியூர் அழைப்பு) பூத்தில் வரிசையில் நின்று, மீட்டரில் ஓடும் சிவப்பு எண்களைப் பார்த்தபடியே பேச்சைச் சுருக்கிய தலைமுறைக்கு ஏகபோகத்தின் விலையை விளக்க வேண்டியதில்லை. 2000 ஆகஸ்டில் நெடுந்தொலைவு அழைப்புத் துறை தனியாருக்குத் திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் 100 கோடி ரூபாய். தனியார் நிறுவனமான பார்தி களமிறங்கியதும், 2002 ஜனவரியில் அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல். தொலைதூரக் கட்டணத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தது. இவ்வளவு குறைக்க முடிந்த கட்டணத்தை அதுவரை ஏன் குறைக்கவில்லை என்ற கேள்வி அன்றே எழுந்திருக்க வேண்டும்.

ஆனால் தரைவழித் தொலைபேசி வைத்திருந்தவருக்குத் தேர்வுரிமை வந்து சேரவில்லை. அழைப்பைக் கொண்டுசெல்லும் நிறுவனத்தை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2002இல் வகுத்த விதி ஏட்டளவில் நின்றுபோனது. அழைப்பின் இரு முனைகளையும் தன் கையிலேயே வைத்திருந்த செல்பேசிதான் இங்கே உண்மையான போட்டியைக் கொண்டுவந்தது; 2006இல் நாடு முழுவதும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்று அரசு நிறுவனங்களே அறிவிக்கும் நிலை உருவானது.

சம அணுகல் தந்த அமெரிக்காவிலும் கடைசிக் கம்பி வேறு வழியில் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூர் நிறுவனங்களுக்கும் நெடுந்தொலைவுச் சந்தைக்குள் நுழைய வழிவிட்டது. அவற்றுள் ஒன்றான எஸ்.பி.சி., 2005இல் தன் பழைய தாய் நிறுவனத்தையே விலைக்கு வாங்கி, ஏ.டி. அண்ட் டி. என்ற பெயரையும் தனக்கே சூட்டிக்கொண்டது.