கோலாலம்பூர் செந்தூலில் கூலி வாங்காத கார் பட்டறை
தனித்து வாழும் தாய்மார்களுக்குக் கூலி வாங்குவதில்லை, சாமானுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று கோயிலில் ஒரு அக்கா சொன்னதை நம்பி என் பழைய பெரோடுவா கஞ்சில் காரை அங்கே ஓட்டிப் போனேன். பிரேக் மிதித்தால் கரகரவென்று சத்தம். வேறொரு கடையில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் மாற்றணும், 900 வெள்ளி (ரிங்கிட்) என்றார்கள். இங்கே அண்ணன் முன்சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்த பிரேக் பேடை என் கையிலேயே வைத்துக் காட்டினார், வெறும் இரும்புதான் மிச்சம், அது அழுத்திப் பிடிக்கும் டிஸ்க் தட்டு முழுக்க வட்டவட்டமாகக் கோடு. பின்பக்கம் நன்றாக இருக்கு, தொட வேண்டாம்மா என்றார். பேடும் டிஸ்கும் சேர்த்து 140 வெள்ளி, கடை ரசீதோடு. சனிக்கிழமை கூட்டம் அதிகம், மூன்று மணி நேரம் காத்திருந்தேன், உட்கார நிழலும் இல்லை. பரவாயில்லை. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு என்னிடம் ஒளிக்காமல் விலை சொன்ன முதல் பட்டறை இதுதான், கட்டாயம் போங்கள்.