ஐவி கேட்டால் ஐவியே தருகிற கடை

நுவரெலியாவிலிருந்து வெலிமடை போகிற வீதியில், சீதையம்மன் கோயிலைத் தாண்டினால் ஹக்கலைப் பூங்கா வரைக்கும் அங்கங்கே பூக்கன்றுக் கடைகள். அதில் தகரக்கூரை போட்ட சின்னக் கடை ஒன்றில்தான் எங்கள் காம்பராவுக்கு முன்னால் உள்ள கல்சுவரில் ஏற்ற ஐவிக் கொடி வாங்கினேன். கன்று 450 ரூபா. வேர் நன்றாக இறங்கியிருந்தது, சாடி மண்ணும் நல்ல மண்.

ஆனால் நான் இந்தக் கடையைச் சொல்வதற்குக் காரணம் கடைக்கார அக்காதான். டவுனில் சுவரில் ஒட்டி ஏறுகிற எதைக் கேட்டாலும் ஐவி என்று கொடுத்துவிடுகிறார்கள். இந்த அக்கா சுவரேறுகிற இரண்டு கொடியை எடுத்து, இரண்டிலும் ஒவ்வோர் இலையைக் கிள்ளிக் காட்டினார். ஒன்றில் வெள்ளையாகப் பால் கசிந்தது. "பால் வந்தா அது அத்திக்கொடி தங்கச்சி, ஐவியில பால் வராது." இரண்டும் தண்டில் வேர்விட்டுத்தான் சுவரைப் பிடிக்கும் என்பதால், ஏறுகிற விதத்தை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. பற்றுக்கம்பி நுனியில் குட்டி வட்டுகள் இருந்து அவை சுவரில் ஒட்டினால் அது பாஸ்டன் ஐவி. பெயரில்தான் ஐவி, குடும்பம் திராட்சை. அசல் ஐவியிலும் படரும் கொடியின் இலை மூன்று, ஐந்து மடலாகப் பிரிந்திருக்கும். முதிர்ந்து பூக்கிற கிளையில் மடலே இல்லாத முழு இலை வரும். இலையை வைத்து வேறு செடி என்று பிடுங்கிவிடாதீர்கள். வெட்டும்போது கையுறை போடுங்கள், சாறு பட்டால் சிலருக்குத் தோல் தடிக்கும்.

ஐவியின் உறவான குடைச்செடியும் இருக்கிறது. சாடிக்கு என்றால் ஒரு காம்பில் ஏழு முதல் ஒன்பது சிற்றிலை வருகிற தாய்வான் வகையைக் கேளுங்கள். ஆஸ்திரேலிய வகை கன்றில் அதைப்போலத்தான் இருக்கும், அப்புறம் 15 மீற்றர் வரை வளர்கிற மரம்.

தண்ணீர்த் தொட்டியில் வட்ட இலைச் செடி ஒன்று வைத்திருக்கிறார். அதுவும் இப்போது ஐவி குடும்பத்தில்தான் சேர்க்கப்பட்டிருக்கிறது. சம்பலுக்கு வல்லாரை என்று கேட்டு வந்த ஒருவரை அக்காவே தடுத்து, இலையைத் திருப்பிக் காட்டினார். குடைக்குக் கம்பி போல இலையின் நடுவில் காம்பு. வல்லாரைக்கு இலை ஓரத்தில் உள்ள வெட்டில்தான் காம்பு சேரும், அது கொத்தமல்லிக் குடும்பம்.

ஒரே குறை, 'ஜின்செங்' என்று அட்டை தொங்குகிற பொன்சாய். வேர் கிழங்குபோல் வீங்கியிருப்பதால் வந்த பெயர், செடி அத்தி இனம். மருந்தாகும் அசல் ஜின்செங் ஐவிக்குத்தான் உறவு. மருந்து என்று நம்பி யாராவது அந்த வேரைச் சுரண்டிவிடுவார்களோ என்று எனக்கு உண்மையிலேயே பயம். மொத்த வியாபாரி மாட்டிய அட்டை என்றார் அக்கா. சரி, கழற்றிவிட்டுத் தானே எழுதி மாட்டலாமே.

ஞாயிற்றுக்கிழமை சுற்றுலா வான்கள் நிற்கும், பேச நேரம் கிடைக்காது. கிழமை நாளில் காலையில் போங்கள்.