கத்தலானா, புரோஃபெட்டா? மர்சேயில் அமைதியாகக் கடலில் இறங்க ஓர் ஒப்பீடு

பிரான்ஸின் தெற்குக் கரையில் இருக்கும் மர்சேய் நகரத்துக்குப் போகிறவர்கள் பழைய துறைமுகத்தைச் சுற்றிவிட்டு, குன்றின் மேலிருக்கும் நோத்ர் தாம் தேவாலயத்துக்கு ஏறி இறங்கி, அடுத்த ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். கடலில் இறங்க வேண்டுமென்றால் ஊரைத் தாண்டி, பாறை மலைகளுக்கு இடையே இருக்கும் கலாங்க் பக்கம் போக வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் டவுன் பஸ் போகும் தூரத்திலேயே, நகரத்துக்குள்ளேயே கத்தலான், புரோஃபெட் என்று கடற்கரைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் எது அமைதியானது, எங்கே காற்றும் அலையும் ஆளைப் படுத்தாது என்று தெரிந்துகொண்டு போனால் போதும்.

நான் இதைப் பார்த்தது அம்மாவுக்காக. அவளுக்கு முழங்கால் வலி, நீச்சலும் தெரியாது. ஆனால் கடலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கூடவே அக்காவின் ஆறு வயது மகன். இந்த இருவருக்கும் ஒத்துவரும் இடம் எதுவோ அதற்குத்தான் என் ஓட்டு.

முதலில் கத்தலான் கடற்கரை. பழைய துறைமுகத்திலிருந்து ஃபாரோ அரண்மனை வழியாக நடந்தே வந்துவிடலாம், இருபது நிமிடம் போதும். இதுதான் இதன் பெரிய பலம். நல்ல மணல், கோடையில் உயிர்காப்பாளர்கள், ஒரு பக்கம் கைப்பந்து ஆட்டம். இன்னொன்றும் உண்டு. கரையிலிருந்து சுமார் 100 மீட்டர் தள்ளி, 5 மீட்டர் ஆழத்தில், கடலடியில் சிலைகளை நிறுத்தி ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். 2020-இல் திறந்தது. டிக்கெட் கிடையாது. முகமூடிக் கண்ணாடி போட்டு நீந்தத் தெரிந்தவர்கள் மேலே மிதந்தபடியே பார்க்கலாம். நீந்தத் தெரிந்த இளவட்டங்கள் நான்கு பேர் சேர்ந்து போனால், யோசிக்காமல் கத்தலானுக்கே போகச் சொல்வேன்.

ஆனால் அமைதி? ஊருக்கு மிக அருகில் இருப்பதால் ஜூலை, ஆகஸ்ட் மதியங்களில் துண்டு விரிக்க இடம் தேட வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமானது காற்று. கத்தலான் மேற்கே பார்த்த கடற்கரை. ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடமேற்கிலிருந்து இறங்கி வரும் மிஸ்ட்ரல் காற்று வீசினால், இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நேரடியாகத் தெரியும். மணல் கண்ணில் அடிக்கும், குழந்தையின் தொப்பி பறக்கும்.

அங்கிருந்து கடலோரமாகவே போகும் கோர்னிஷ் சாலையில் தெற்கே வந்தால் புரோஃபெட் வரும். 83-ஆம் எண் பஸ் இந்த வழியாகத்தான் போகிறது, கடற்கரையின் பெயரிலேயே நிறுத்தமும் இருக்கிறது. சாலை மட்டத்திலிருந்து படி இறங்கித்தான் மணலுக்குப் போக வேண்டும். அம்மாவுக்கு அது ஒன்றுதான் சிரமமாக இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று இறங்கினாள்.

இறங்கிய பிறகு கிடைத்தது வேறு உலகம். வடக்கே மால்முஸ்க் முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. மிஸ்ட்ரல் வரும் திசையை அந்த நிலமே மறைத்துவிடுகிறது. தண்ணீருக்குள் அடுக்கியிருக்கும் பாறைக்கரைகள் அலையை உடைத்துவிடுகின்றன. ஆழம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடுகிறது. நாலைந்து எட்டு வைத்த பிறகும் அம்மாவுக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. அப்புறம் மெதுவாக உட்கார்ந்தாள். அவள் கால் விரலுக்குப் பக்கத்தில் விரல் நீளத்தில் மீன் குஞ்சுகள் கூட்டமாக வந்து நின்றன. பையன் தண்ணீருக்குள் கையை விட்டதும் ஒரே திருப்பில் எல்லாம் மறைந்தன, ஒரு நிமிடத்தில் திரும்பவும் அதே இடத்துக்கு வந்தன. அரை மணி நேரம் இதே விளையாட்டு. தலைக்கு மேலே சாலையில் பஸ் போகும் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. அது ஒரு தொந்தரவாகவே படவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மத்தியதரைக் கடலில் ஓதம் மிகக் குறைவு. மர்சேயில் கடல் மட்டம் ஏறி இறங்குவது ஏறக்குறைய 30 சென்டிமீட்டர்தான். அதனால் காலையில் மணலில் வைத்த பை மதியமும் அங்கேயே பத்திரமாக இருக்கும். இந்த இரண்டு கடற்கரைகளுக்கும் நடுவில், கோர்னிஷ் சாலையோரம், கடல் மட்டத்தை அளக்கும் ஒரு பழைய நிலையம் இருக்கிறது. 1885 முதல் 1897 வரை அங்கே எடுத்த அளவின் சராசரியைத்தான் பிரான்ஸ் தன் நிலப்பரப்பின் உயரங்களுக்குச் சுழியமாக வைத்திருக்கிறது. பிரெஞ்சு வரைபடத்தில் ஆல்ப்ஸ் மலைச் சிகரமான மோன் பிளாங்கின் உயரமும் இந்தக் கரையிலிருந்து எண்ணியதுதான் என்று நினைக்கும்போது எனக்குச் சிலிர்த்தது.

புரோஃபெட்டிலும் குறை இல்லாமல் இல்லை. சின்னக் கடற்கரை, குழந்தைகளோடு வருகிற உள்ளூர்க் குடும்பங்கள் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஞாயிறு மதியம் போனால் கத்தலானைப் போலவே நெரிசல்தான். வார நாளில், காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். முடிந்தால் ஜூன் அல்லது செப்டம்பர். செப்டம்பரில் பள்ளிகள் திறந்திருக்கும், கோடையெல்லாம் வாங்கிய சூடு தண்ணீரில் மிச்சமிருக்கும்.

பிராடோ கடற்கரைகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1970-களில் மெட்ரோ சுரங்கம் தோண்டிய மண்ணையும் கல்லையும் கொட்டி, கடலைத் தூர்த்து உண்டாக்கியவை. புல்வெளி பரந்து கிடக்கும், பிள்ளைகள் ஓடியாடலாம், பட்டம் விடலாம். ஆனால் தண்ணீரோரம் பெரும்பாலும் சரளைக்கல், காற்றுக்கும் மறைவில்லை. முழங்கால் வலிக்காரர்களுக்குச் சரிவராது. மால்முஸ்க் அழகுதான், ஆனால் வெறும் பாறை. பாறையிலிருந்து நேராக ஆழத்தில் இறங்க வேண்டும், முள்ளெலிபோல் சிலிர்த்துக்கொண்டு கடல் முள்ளிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ரப்பர் செருப்பில்லாமல் அங்கே கால் வைக்காதீர்கள்.

எந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு விஷயங்கள் பொது. மிஸ்ட்ரல் இரண்டு நாள் வீசினால், மேலே இருக்கும் வெதுவெதுப்பான தண்ணீரை அது கடலுக்குள் தள்ளிவிடும், அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். வானம் துடைத்துவிட்டதுபோல் நீலமாக இருக்கும், நடு ஆகஸ்டாகவும் இருக்கும். ஆனால் முந்தாநாள் 23 டிகிரி இருந்த தண்ணீர் 16, 17-க்கு இறங்கியிருக்கும். புரோஃபெட் காற்றை மறைக்குமே தவிர இந்தக் குளிரை மறைக்காது. வயதானவர்களை அன்றைக்கு இறக்க வேண்டாம். அடுத்தது மழை. பலத்த மழைக்கு மறுநாள் சாக்கடை வழிந்து கலந்திருக்கலாம் என்பதால் குளிக்கத் தடை போடுவார்கள். ஊதா நிறக் கொடி பறந்தால் தண்ணீரில் கால்கூட வைக்காதீர்கள்.

அப்படித் தண்ணீரில் இறங்க முடியாத நாளில், கோர்னிஷ் ஓரமாகவே சுமார் 3 கிலோமீட்டருக்கு ஒரே பெஞ்சாகக் கட்டியிருக்கிறார்கள், அதில் உட்காரலாம். எதிரே ஃபிரியூல் தீவுகளும் இஃப் கோட்டையும் தெரியும். அம்மா இரண்டாம் நாள் மாலை அங்கேதான் இருந்தாள், சூரியன் தீவுக்குப் பின்னால் போகும்வரை எழுந்திருக்கவில்லை. பழைய துறைமுகத்தில் 83 ஏறும்போது வலது பக்க ஜன்னலோரம் பிடித்துக்கொள்ளுங்கள், கடல் அந்தப் பக்கம்தான்.