செஃப் ஸ்டோரேஜ்: சர்வர் வாங்கும் முன் ஒரு பார்வை

செஃப் என்பது பல சர்வர்களின் டிஸ்குகளைச் சேர்த்து ஒரே பெரிய ஸ்டோரேஜாகக் காட்டும் மென்பொருள். இலவசம், எந்தக் கம்பெனிப் பெட்டியிலும் (சர்வரிலும்) ஓடும், ஒரு டிஸ்க் செத்தால் தானே சரிசெய்துகொள்ளும். செஃப் பற்றி விசாரித்தால் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள், மூன்றும் உண்மைதான். ஆனால் "எந்தப் பெட்டியிலும்" என்பதை "கையில் கிடக்கிற எல்லாப் பெட்டியிலும்" என்று எடுத்துக்கொண்டால் வில்லங்கம் ஆரம்பிக்கிறது.

ஒரு கணக்கு பாருங்கள். மூன்று சர்வர், 40, 40, 16 டெராபைட். மொத்தம் 96, மூன்று பிரதி வைத்தால் 32 கிடைக்கும் என்றுதான் தோன்றும். கிடையாது. சர்வருக்கு ஒரு பிரதி என்ற வழக்கமான விதிப்படி ஒவ்வொரு ஃபைலும் அந்தச் சின்னப் பெட்டியிலும் போய் உட்கார வேண்டும், அதனால் உங்களுக்குக் கிடைப்பது 16தான். அதிலும் 85 சதவீதம் தாண்டினாலே எச்சரிக்கை வந்துவிடும், ஆக 13 சொச்சம். மூன்றில் ஒன்று படுத்தால் மூன்றாவது பிரதியை உருவாக்க வேறு இடமே கிடையாது, அது திரும்ப எழுந்திருக்கும் வரை இரண்டு பிரதியோடு ஓட்ட வேண்டியதுதான். அதனால் சம அளவில் நான்கு சர்வராவது வேண்டும், அதையும் 63 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல் இருந்தால்தான் ஒன்று போனாலும் மற்ற மூன்றும் 85ஐத் தாண்டாமல் தாங்கும். இடம் மிச்சம் பிடிக்க 4+2 இரேஷர் கோடிங் (முழுப் பிரதிக்குப் பதில் டேட்டாவை நான்கு துண்டாக்கி, மீட்புக்கு இரண்டு துண்டு சேர்ப்பது) என்று போனால் குறைந்தது ஆறு சர்வர்.

அப்புறம் டிஸ்க். 4 டெராபைட் டிஸ்குகளுக்கு நடுவே 20 டெராபைட் ஒன்றைச் செருகினால் கொள்ளளவுக்கு ஏற்ப அதற்கு ஐந்து மடங்கு டேட்டா போகும், கூடவே ஐந்து மடங்கு வேலையும் போகும். சுழலும் வேகம் மட்டும் அதே 7200தான். கிளஸ்டர் (சர்வர் கூட்டம்) முழுக்க மந்தமானதும் நெட்வொர்க்கைத் திட்டுவார்கள், பாவம் அது என்ன செய்யும்!

ராம் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். டிஸ்குக்கு 4 ஜிபி என்பது இயல்பான இலக்கு, ஆனால் அது கடுமையான உச்சவரம்பு இல்லை, டேட்டா மீட்பு நடக்கும்போது தாண்டும். 12 டிஸ்க் பெட்டிக்கு 64 ஜிபி என்பதே இறுக்கமான கணக்குதான்.

டேட்டாவை டிஸ்குகளுக்குள் சமப்படுத்தும் விஷயத்தில்தான் எனக்குப் பாராட்டும் குறையும் ஒன்றாக வருகின்றன. எந்த ஃபைல் எங்கே என்று ஒரு மையப் பட்டியல் வைக்காமல் கிரஷ் என்ற கணக்கு மூலமே இடத்தைக் கண்டுபிடிப்பது அருமையான யோசனை. ஆனால் அது சீட்டுக் குலுக்கல் போலத்தான், ஒரே அளவு டிஸ்குகளில்கூட ஒன்று 60, இன்னொன்று 80 சதவீதம் நிரம்பி நிற்கும். ஏதாவது ஒரு டிஸ்க் 95 சதவீதத்தைத் தொட்டால் போதும், மற்றவற்றில் எவ்வளவு காலி இருந்தாலும் எழுதுவது நின்றுவிடும். 2017இல் லூமினஸ் பதிப்பில் வந்த அப்மேப் பேலன்சர் (டேட்டாவை இடம் மாற்றிச் சமப்படுத்தும் வசதி) இந்தத் தலைவலியைப் பெருமளவு தீர்த்தது. டிஸ்குக்கு 100 பிஜி (பிளேஸ்மென்ட் குரூப், செஃப் டேட்டாவைப் பிரித்து வைக்கும் தொகுதி) அளவில் வைத்து, பேலன்சரை ஓடவிட்டு, 'செஃப் ஓஎஸ்டி டிஎஃப் ட்ரீ' என்ற கட்டளை கொடுத்துப் பாருங்கள், கடைசி வரியில் உள்ள விலகல் எண் சிறியதாக இருந்தால் நிம்மதி. ஆனால் பேலன்சர் சமப்படுத்துவது அளவைத்தான், வேலைப்பளுவை இல்லை.

செஃப்எஃப்எஸ்ஸுக்கு (செஃப்பை ஃபோல்டர், ஃபைலாகப் பயன்படுத்தும் வசதி) மெட்டாடேட்டாவை, அதாவது ஃபைல் பெயர், ஃபோல்டர் போன்ற விவரங்களை, எஸ்எஸ்டியில் வையுங்கள், அதுவும் மின்வெட்டுப் பாதுகாப்புள்ள சர்வர் ரகம். கடையில் கிடைக்கும் லேப்டாப் எஸ்எஸ்டி வேண்டவே வேண்டாம், சின்னச் சின்னதாக டேட்டா எழுதும்போது மூச்சு வாங்கும்.

என் தீர்ப்பு: ஒரே மாதிரி ஐந்தாறு சர்வர் வாங்கப் பணமும் கவனிக்க ஆளும் இருந்தால் தாராளமாகப் போடலாம். இரண்டு மூன்று பழைய பெட்டிதான் என்றால் ஒன்றில் இசட்எஃப்எஸ் (ஒரே சர்வரின் டிஸ்குகளைச் சேர்த்துப் பாதுகாக்கும் ஃபைல் சிஸ்டம்) போட்டு என்எஃப்எஸ்ஸில் (நெட்வொர்க் வழி ஃபைல் பகிரும் முறை) பகிர்ந்துவிட்டு, இன்னொன்றில் பேக்கப் எடுங்கள்.