மலேரியா: ஒடம்பே பழகிக்கிடுமா, மாத்திரை போடணுமா?

அம்பாசமுத்திரம் பக்கமிருந்து நைஜீரியா, தான்சானியான்னு வேலைக்குப் போற பயலுவ எல்லாம் கேக்குறது, அங்க உள்ளவங்க மாத்திரை இல்லாமலே நடமாடுதாவளே, நமக்கு மட்டும் எதுக்குன்னு.

செலவு: பழகுறதுக்கு காசு கெடையாது, ஆனா வெல உசுரு. அது சின்னதுலயே திரும்பத் திரும்ப காய்ச்சல் வந்து வருஷக்கணக்கா சேர்ந்த சக்தி, அதுக்குள்ள அஞ்சு வயசு தாண்டாம எத்தன பிள்ளைய போயிருது. 1961ல மேற்கு ஆப்பிரிக்கா காம்பியா நாட்டுப் பெரியவங்க ரத்தத்துல எடுத்த ஆன்டிபாடிய, அதாவது கிருமிய எதுக்குற புரதத்த, மலேரியா வந்த பிள்ளைகளுக்குப் போட்டாங்க, கிருமி மளமளன்னு கொறஞ்சுது. சக்தி உண்மைதான், நம்ம ரத்தத்துல இல்லையே அண்ணாச்சி!

நீடிப்பு: பழகுன ஒடம்புலயும் கிருமி ஏறும், சீரியஸாக விடாது, அம்புட்டுதான். ஊரவிட்டு வந்துட்டா அதுவும் கொறஞ்சுரும். மாத்திரையோட காவலும் அத போடுத வரைக்கும்தான். மலேரியா வராம தடுக்குற டாக்சிசைக்ளின் மாத்திரைன்னா தினம் ஒண்ணு, திரும்பி வந்தும் 4 வாரம்.

லேசு: மாத்திரை தொல்லைதான். எங்க அக்கா மவன் ஊருக்கு வந்ததும் பாதி அட்டைய பீரோ மேல போட்டுட்டான், பத்தாம் நாள் மூணு போர்வைக்குள்ள பல்லு கிடுகிடுங்குது.

அங்கயே வளந்த பெரியவங்களுக்கு அந்த சக்தி, அவங்க பிள்ளைகளுக்கு 2021ல உலக சுகாதார நிறுவனம் சொன்ன தடுப்பூசி. புதுசா போறவங்க டாக்டர்ட்ட கேட்டு மாத்திரை எடுங்க, கொசுவலையும் பெட்டியில வைங்க.