கொடியடுப்புக்குப் புகைபோக்கி: ஐந்து வருஷப் புழக்கத்தில் தெரிந்தவை

சிலிண்டர் வந்த பிறகும் பின்கட்டில் விறகடுப்பு இருக்கத்தான் செய்கிறது. குளிக்க வெந்நீர், விசேஷத்துக்குப் பெரிய பானைச் சோறு, நெல் அவிப்பு, மாட்டுக்குத் தவிட்டுக் கஞ்சி என்று அதற்கு வேலை தீரவில்லை. தோப்பு உள்ள வீடுகளில் மட்டையும் பாளையும் சும்மா கிடந்து மக்கும்போது காஸை எரிக்க மனசு வராது. இங்கே பேசுவது செங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய இரண்டு குழிக் கொடியடுப்பைப் பற்றி; ஒரு வாயில் எரியும் தீ இரண்டு குழிக்கும் போகிற அடுப்பு அது. 10 செ.மீ. விட்டமுள்ள புகைபோக்கி, தினம் இரண்டு வேளை எரிப்பு, ஐந்து வருஷம்.

மத்திய அரசின் மேம்பட்ட அடுப்புத் திட்டம் 1983 முதல் 2002 வரை ஊர் ஊராகப் புகையில்லா அடுப்பு கட்டிக்கொடுத்தது. அவற்றில் ஏராளமானவை சில வருஷத்திலேயே கைவிடப்பட்டன. அடுப்பைக் குற்றம் சொல்வது எளிது. ஆனால் இந்த வகை அடுப்பில் பழுதாவது பெரும்பாலும் அடுப்பு அல்ல, குழாய். சமையலறையில் புகை சூழ்ந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் கூரைக்கு மேலே.

குழாயின் இழுவை எவ்வளவு பலவீனமானது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வெளியே 30 டிகிரி, குழாய்க்குள் சராசரி 150 டிகிரி, உயரம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் இழுவை ஏறக்குறைய 10 பாஸ்கல். ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம்தான் அது. குளிர் நாடுகளில் வெளிக்காற்று குளிர்ந்திருப்பதால் இழுவை கூடும். நம் ஊர் வெயிலில் அந்தச் சலுகை கிடையாது. அதனால் ஒரு முழங்கை வளைவு, ஒரு விரற்கடைக் கரி, குழாய் முனையில் தாழ்ந்த தொப்பி, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே புகை அடுப்பு வாய்வழியாகத் திரும்பிவிடும்.

3 மீட்டருக்குக் குறைந்த குழாய் வேண்டாம். முடிந்தவரை நேர்க்குத்தாக, வீட்டுக்குள்ளேயே ஏறிக் கூரையைத் தாண்டட்டும். உள்ளே இருக்கும் குழாய் சூடாக இருக்கும், சூடான குழாய்தான் இழுக்கும். தளம் போட்ட வீட்டில் கான்கிரீட்டை உடைக்க மனமில்லாமல் சுவரில் ஓட்டை போட்டு வெளியே எடுப்பவர்கள் உண்டு. அப்படியானால் படுக்கையாக ஓடும் நீளத்தைக் குறைத்து, 90 டிகிரி வளைவுக்குப் பதிலாக 45 டிகிரி வளைவு போடுங்கள். மேல்முனை கூரை முகட்டுக்கும் பக்கத்துக் கைப்பிடிச் சுவருக்கும் மேலே 60 செ.மீ.யாவது நிற்க வேண்டும். கைப்பிடிச் சுவருக்குள் பதுங்கிய குழாயில் காற்றடிக்கிற நாளெல்லாம் புகை கீழே இறங்கும். கீற்றுக் கூரை வீட்டில் இந்த அடுப்பே வேண்டாம். கீற்றுக் கொட்டகையை விட்டுத் தள்ளி, ஓட்டின் கீழோ தகரத்தின் கீழோ கட்டுங்கள். மரச்சட்டம், கைமரம் எதுவானாலும் வெறும் இரும்புக் குழாயிலிருந்து விட்டத்தின் மூன்று மடங்கு தள்ளி இருக்க வேண்டும். 10 செ.மீ. குழாய்க்கு 30 செ.மீ.

குழாய்க்கு என்ன பொருள்? பி.வி.சி. குழாயை வைத்த வீடுகள் உண்டு. 80 டிகிரியிலேயே அது குழைந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய்தான் அந்தக் காலத்துத் திட்டங்களில் வந்தது. அதை அறுக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்கு எமன், கடுஞ்சூட்டில் சிதறவும் செய்யும். இருப்பதை அறுக்காதீர்கள், புதிதாக வாங்காதீர்கள். துத்தநாகம் பூசிய தகரக் குழாய் மலிவு, ஆனால் அடிப்பகுதி முதலில் போகும். புகையிலுள்ள ஈரம் புளித்த நீராகக் கீழே வடிந்து, அடி இணைப்பை மூன்றாவது மழைக்காலத்துக்குள் அரித்துவிடுகிறது. எவர்சில்வர் குழாய் ஒரு முறை செலவு. சுட்ட மண் குழாயும் நல்லதுதான், கனத்தைத் தாங்கச் சுவரில் பிடிமானம் மட்டும் வேண்டும்.

இணைப்பில் கொத்தனார்கள் வழக்கமாகத் தவறு செய்வார்கள். புகை மேலே போகிறது, அதனால் கீழ்க்குழாய் மேல்குழாய்க்குள் நுழைய வேண்டும் என்று நினைப்பார்கள். தலைகீழ். மேல்குழாயின் முனைதான் கீழ்க்குழாய்க்குள் இறங்க வேண்டும். அப்போதுதான் வடிகிற கீல் (புகை குளிர்ந்து ஒட்டும் தார்) குழாய்க்குள்ளேயே போகும். மாற்றிப் போட்டால் இணைப்பின் வெளியே பழுப்பு நிறத்தில் ஒழுகிச் சுவரெல்லாம் கறையாகும், அதன் வாடை கழுவினாலும் போகாது. அடியில் நேர் வளைவுக்குப் பதில் மூன்று வாய்க் குழாய் போட்டு, கீழ் வாய்க்கு ஒரு மூடி வையுங்கள். இந்த மூடி இல்லாத அடுப்பைக் கட்டவே கட்டாதீர்கள்.

தொப்பியை மழைக்குப் பயந்து அழுத்தி வைத்துவிடுகிறார்கள். கணக்குப்படி 10 செ.மீ. குழாய்க்கு 2.5 செ.மீ. இடைவெளியே போதும், ஆனால் ஒரு மாதக் கரி அதை மூடிவிடும். 10 செ.மீ. விடுங்கள். அணில், மைனா வராமல் வலை கட்டுவதானால் கண்ணி 2 செ.மீ. இருக்கட்டும். கொசுவலை போன்ற சன்னக் கண்ணி சில வாரத்தில் தார் பூசிய தகடாகிவிடும்.

இனி அடுப்பு. முதலில் பாத்திரத்தை அளந்துவிட்டுத்தான் மண்ணைத் தொட வேண்டும். தினமும் ஏறும் சோற்றுப் பானையும் குழம்புச் சட்டியும் குழியில் கழுத்தளவு உட்காராமல், வயிற்றின் அகலப் பகுதிக்குச் சற்றுக் கீழே கவ்வி நிற்க வேண்டும். குழியின் விட்டம் பாத்திரத்தின் பெரிய விட்டத்தைவிட ஒன்றிரண்டு செ.மீ. குறைவு. இங்கே பழக்கதோஷம் ஒன்று குறுக்கே வரும். அடுப்பு என்றாலே மூன்று குமிழ் வைக்க வேண்டும் என்று கை பழகியிருக்கும். குமிழ் திறந்த அடுப்புக்குரியது, பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்துத் தீயும் புகையும் வெளியேற வழிவிடும். புகைபோக்கி அடுப்பில் அந்தச் சந்து வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே புகுந்து இழுவையைத் தின்றுவிடும். குமிழ் வேண்டாம், பாத்திரம் விளிம்போடு ஒட்டி உட்காரட்டும்.

அடுப்பு வாய் 16 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். இதைவிடப் பெரிதாக்கினால் விறகு கூடுதலாகப் போகுமே தவிர வேகம் கூடாது. இரும்புச் சல்லடைக்கு மேலே பானை அடி 15 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், சல்லடைக்குக் கீழே சாம்பல் குழி 10 செ.மீ. ஆழம். சல்லடையை மண்ணில் இறுக்கிப் புதைக்காதீர்கள். வார்ப்பிரும்பு சூட்டில் விரியும், 20 செ.மீ. சல்லடை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். சுற்றிலும் 3 முதல் 5 மி.மீ. சந்து விட்டால் போதும், இல்லாவிட்டால் முதல் மாதமே நெருப்பறையில் வெடிப்பு. இரண்டு குழிக்கும் நடுவிலுள்ள சுரங்கம் 8 செ.மீ. விட்டம், லேசாக மேல்நோக்கி. இரண்டாவது குழியின் தரையில் ஒரு தடுப்பு மேடு எழுப்பி, அதற்கும் பாத்திர அடிக்கும் நடுவே 4 செ.மீ. விடுங்கள். தீ அந்த மேட்டில் மோதிப் பாத்திரத்தின் அடியைத் தடவிக்கொண்டு போகும். மேடு இல்லாவிட்டால் சூடு நேராகக் குழாய்க்குள் ஓடிவிடும்.

மண்ணுக்குப் புற்றுமண் கிடைத்தால் அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. இல்லையென்றால் களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்துப் பிசைந்து, இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். ஓர் உருண்டை பிடித்து நிழலில் காயவைத்துப் பார்த்தால் தெரியும். வெடித்தால் மணல் பற்றாது, உதிர்ந்தால் களி பற்றாது. நெருப்பு படுகிற இடத்தில் சிமெண்டைத் தொடாதீர்கள். 400 டிகிரிக்கு மேல் சிமெண்டுக்குள் கட்டுண்ட நீர் வெளியேறிவிடும். பிறகு ஈரம் பட்டால் உப்பி உதிரும். வெளிப்பூச்சுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். கட்டி முடித்த அடுப்பு நிழலில் இரண்டு வாரம் காயட்டும். அதன்பின் நாலைந்து நாள் ஓலைத் தீ மட்டும். அவசரப்பட்டு முதல் நாளே கட்டையைச் செருகினால் உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகிச் சுவரைப் பிளக்கும்.

பற்றவைப்பதில் பாதிப் பிரச்சினை காலையில்தான். இரவெல்லாம் குளிர்ந்த காற்று குழாயை அடைத்து நிற்கும், தீ மூட்டினால் புகை முகத்தில் அடிக்கும். முதலில் இரண்டாவது குழியில் ஒரு கைப்பிடிக் காய்ந்த ஓலையைக் கொளுத்துங்கள். குழாய் ‘ஹூம்’ என்று இழுக்கத் தொடங்கும். அதன் மேல் பாத்திரத்தை வைத்துவிட்டு, அப்புறம் அடுப்பு வாயில் சுள்ளி. இரண்டாவது குழியைத் திறந்தபடி விடவே கூடாது. சமைக்க ஒன்றுமில்லையென்றால் ஒரு தவலைத் தண்ணீர் வைத்துவிடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கும் பழக்கம் உயிரைக் குடிப்பது. முக்கியமாக அணைந்துபோனது என்று நினைத்த கங்கின் மேல் ஊற்றுவது. கங்குச் சூட்டில் ஆவியாகி, குப்பென்று கைக்கும் முந்தானைக்கும் தாவும். நைலான் சேலையோடு இந்த அடுப்பருகே உட்காரவே வேண்டாம்.

விறகு இரண்டு விரல் பருமனுக்குப் பிளந்து, கூரையடியில் அடுக்கி, குறைந்தது ஒரு கோடை காய்ந்திருக்க வேண்டும். இரண்டு துண்டைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், ‘தொப்’ என்றால் ஈரம். பச்சை விறகில் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதைக் கொதிக்கவைக்கச் செலவாகும் சூடு ஒருபுறம் இருக்கட்டும், நெருப்பறை குளிர்ந்து புகை எரியாமல் போவதுதான் பெரிய நஷ்டம். சீமைக்கருவேலமும் புளியும் கனமாக நின்று எரியும். சவுக்கு சீக்கிரம் பற்றும். கொட்டாங்குச்சி நல்ல சூடு, ஆனால் ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் தீ அடங்காது. வறட்டி சாம்பல் அதிகம் தருவதால் சல்லடை அடைக்கும். முந்திரித் தோலில் எரிச்சலூட்டும் எண்ணெய் உண்டு, வீட்டடுப்பில் வேண்டாம். அரளிக்கட்டை, கண்ணைக் கெடுக்கும் பால் உள்ள தில்லைமரம், பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், டயர்த் துண்டு, இவையும் உள்ளே போகக் கூடாது.

குழாய்க்குள் படிவது இரண்டு வகை. ஒட்டடை மாதிரித் தூளாக உதிர்ந்தால் அடுப்பு நன்றாக எரிகிறது. கறுப்பாகப் பளபளத்துக் கீலாக ஒட்டியிருந்தால் ஈர விறகோ, காற்றில்லாத புகைச்சலோ காரணம். 10 செ.மீ. குழாயில் சுற்றிலும் 1 செ.மீ. கரி படிந்தால் விட்டம் 8 செ.மீ. ஆகும். பரப்பில் 36 சதவீதம் போய்விட்டது. 7.5 செ.மீ. குழாயானால் இழப்பு 46 சதவீதம், அதனால்தான் மெல்லிய குழாய் இன்னும் சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அடுப்பு ஆறியிருக்கும்போது, ஒரு கயிற்றில் கல்லையும் அதன் மேல் தேங்காய் நார்ப் பந்தையும் கட்டி மேலிருந்து இரண்டு மூன்று முறை இறக்கி ஏற்றினால் வேலை முடிந்தது. நைலான் பிரஷ் வேண்டாம், கீலில் ஒட்டிக்கொள்ளும். சுரங்கத்தில் சேரும் பறக்கும் சாம்பலை வாரம் ஒருமுறை வளைந்த கரண்டியால் வாருங்கள். ஆள்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான்.

கீல் சேர விட்டால் ஒரு நாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். லாரி வருவது போல உறுமல், மேலே பொறி. உடனே அடுப்பு வாயையும் சாம்பல் குழியையும் ஈரச்சாக்கால் மூடிக் காற்றை நிறுத்துங்கள். எல்லோரையும் வெளியேற்றுங்கள், 101க்குச் சொல்லுங்கள். குழாய்க்குள் தண்ணீர் ஊற்றக் கூடாது, சூட்டிலிருக்கும் மண் குழாய் வெடித்துச் சிதறும்.

கண்ணில் எரியும் புகை எச்சரிக்கை செய்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அது அதிகம் வருவது கொழுந்து விட்டெரியும் தீயிலிருந்து அல்ல, புகை நின்றபின் சிவந்து கிடக்கும் கங்கிலிருந்து. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குளிருக்குக் கரிக் கங்கை அறைக்குள் வைத்துக் கதவடைத்துத் தூங்கியவர்கள் இறந்த செய்திகள் அந்த ரகம். கங்கு இருக்கும்வரை குழாயைத் தகடு போட்டு அடைக்காதீர்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். மோனாக்சைடு அலாரம் ஒன்றை அடுப்பிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டர் தூரத்தில் மாட்டுவது வீண்செலவு அல்ல. அதே அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைப்பவர்களுக்கு ஒரு சொல்: ஜன்னலை மூடிக்கொண்டு ஃபேனைப் போட்டால் அந்த 10 பாஸ்கல் இழுவையை ஃபேன் எளிதில் தோற்கடித்து, குழாய் வழியாகவே புகையை உள்ளே இழுக்கும். காஸ் சிலிண்டரையும் இந்த அறையில் வைக்காதீர்கள். கசியும் காஸ் தரையோடு ஓடும், நம் அடுப்பு வாயும் தரையில்தான் இருக்கிறது. சாம்பலை வாளியில் அள்ளினால் இரும்பு வாளி, வெளியே, இரண்டு நாள். மேலே ஆறியிருந்தாலும் அடியில் கங்கு உயிரோடு கிடக்கும்.

சமையலில் எப்படி? பெரிய பானைக்கு, வெந்நீருக்கு, நீண்ட நேரம் வேகும் பருப்புக்கு இதற்கு ஈடில்லை. ஒரு டம்ளர் காபிக்கு இது வேஸ்ட், கனமான மண் முதல் இருபது நிமிஷச் சூட்டைத் தானே குடித்துவிடும். தோசைக்கல்லில் வாய்ப்பக்கம் கருகும், எதிர்ப்பக்கம் வேகாது. இரண்டாவது குழியில் பால் பொங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், ரசத்தைச் சூடாக வைக்க அது போதும்.

ஐந்து வருஷத்தில் தேய்ந்தவை: அடுப்பு வாயின் மேல் உதடு (விறகு இடித்து), தடுப்பு மேடு, நடுவில் தொய்ந்த சல்லடை. உதட்டில் ஒரு இரும்புப் பட்டையை ஆரம்பத்திலேயே வைத்திருந்தால் முதல் பழுது வந்திருக்காது. மேட்டையும் நெருப்பறை உட்பூச்சையும் வருஷம் ஒருமுறை, போகிக்கு முன்னால் வீடு மெழுகும்போது புதுப்பித்தால் ஒரு நாள் வேலை.

ஒரு மாதம் எரிக்காமல் விட்ட அடுப்பை அப்படியே பற்றவைக்காதீர்கள். குளவி கட்டியிருக்கும், அணில் நாரைத் திணித்திருக்கும். அடி மூடியைத் திறந்து ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வையுங்கள். வானம் முழு வட்டமாகத் தெரிந்தால் ஓலையைக் கொளுத்தலாம். ஒரு பக்கம் கடிபட்ட மாதிரி தெரிந்தால் கயிறையும் கல்லையும் எடுங்கள்.