படிக்கட்டுக் கதவுக்கு எந்த டோர் குளோசர்?

அடுக்குமாடிக் குடியிருப்பில் தீயணைப்புக் கருவிக்கும் அலாரத்துக்கும் காசு ஒதுக்குகிறார்கள். கதவைத் தானாக மூட வைக்கும் டோர் குளோசரை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நியூயார்க்கின் பிராங்ஸில் 2022 ஜனவரி 9 அன்று நடந்த தீவிபத்தில் 17 பேர் இறந்தார்கள். நெருப்பு பெரும்பாலும் ஒரு வீட்டோடும் அதன் நடையோடும் நின்றுவிட்டது. உயிரைப் பறித்தது புகை. தீப்பிடித்த வீட்டின் கதவு தானாக மூடிக்கொள்ளவில்லை.

சந்தையில் கிடைப்பவற்றில் மிக மலிவானது ஸ்பிரிங் கீல். பொருத்துவது எளிது. ஆனால் வேகத்தைத் தணிக்க அதில் எண்ணெய் இல்லாததால் கதவு படாரென்று அடிக்கும். சத்தம் பொறுக்காமல் யாராவது கட்டையை முட்டுக் கொடுப்பார்கள். அத்தோடு அது தீக்கதவாக, அதாவது தீயையும் புகையையும் தடுக்கும் கதவாக, இருப்பது முடிந்தது. நாளாக ஆக ஸ்பிரிங்கும் தளர்ந்துவிடும். பொதுப் படிக்கட்டுக்கு இது வேண்டவே வேண்டாம்.

கதவின் மேல் விளிம்பில் பொருத்தும், எண்ணெயால் வேகத்தைத் தணிக்கும் ஹைட்ராலிக் குளோசர்தான் நம் தேர்வு. வாங்கும்போது ஸ்பிரிங்கின் பலத்தைக் குறிக்கும் எண்ணைப் பாருங்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 1154 கணக்கில் 3ஆம் எண் 950 மி.மீ. அகலம், 60 கிலோ எடை வரையிலான கதவுக்கு. தீக்கதவுக்கு அதற்குக் கீழே போகக் கூடாது. ஒரே எண்ணில் நிற்பதைவிட 2 முதல் 4 வரை கூட்டிக் குறைக்கக் கூடியதை வாங்கி, 3க்குக் குறையாமல் வைப்பது நல்லது. ஸ்பிரிங் தேவைக்கு மேல் இறுகினால் முதியவர்களாலும் குழந்தைகளாலும் கதவைத் தள்ள முடியாது. கதவைத் திறந்த நிலையிலேயே நிறுத்தும் கை உள்ள மாடல் கடையில் கிடைக்கும். தீக்கதவுக்கு அதை வாங்காதீர்கள்.

கெட்ட பெயர் வருவது பெரும்பாலும் சரிசெய்யாமல் விட்டதால்தான். பக்கவாட்டில் இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று மூடும் வேகத்துக்கு, மற்றது கடைசி 15 பாகை வாக்கில் பூட்டின் நாக்கு விழும் கட்டத்துக்கு. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம். முழுதாகக் கழற்றினால் எண்ணெய் பீய்ச்சியடிக்கும். பிறகு கதவை 90 பாகை திறந்து விடுங்கள்: 5 முதல் 7 வினாடியில் அடிக்காமல் மூட வேண்டும். அடுத்து ஒரு சாண் மட்டும் திறந்து விடுங்கள். அங்கிருந்தும் நாக்கு உள்ளே விழ வேண்டும். பலரும் முதல் சோதனையோடு போய்விடுகிறார்கள். கோளாறு தெரிவது இரண்டாவதில்தான். நாக்கு விழாத கதவைத் தீயின் அழுத்தமே திறந்துவிடும்.

வெயில் காலத்தில் எண்ணெய் இளகி வேகம் கூடும், குளிரில் இறுகும். ஆகவே பருவம் மாறும்போது மறுபடி பாருங்கள். குளோசரின் உடம்பில் எண்ணெய் கசிந்தால் பழுதுபார்க்கப் பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

சக்கர நாற்காலி புழங்கும் வீட்டு வாசலுக்கு மட்டும், அலாரத்தோடு இணைந்த ஃப்ரீ ஸ்விங் வகை. சாதாரண நாளில் கதவு தடையின்றி ஆடும். அலாரம் அடித்தாலோ மின்சாரம் போனாலோ மூடிக்கொள்ளும். விலை அதிகம், வயரிங்கும் தேவை. ஆனாலும் அந்த வீட்டில் கழற்றி எறியப்படாமல் நிலைப்பது இதுதான்.